ஐந்தில் ஒரு பங்கு

தேவிகுளம்,
12-1-1975.

அன்புள்ள மாப்பிள்ளை பொங்கியண்ணன் அவர்களுக்கு,

கந்தப்பன் எழுதுவது. இங்கே நானும் சரஸ்வதியும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கை செல்லாத்தாளும் ஆடு மாடுகளும் சுகமென்றே கருதி மேலே எழுதுகிறேன்.

வரும் பிப்ரவரி பத்தாம் தேதி கோயம்புத்தூரில் எனக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடைபெற இருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதற்கென்றே செய்வது. சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, மேல் முனையைக் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். உண்பதில் பெரும்பங்கு உடலில் சேராமலே கழிந்துவிடும். மருத்துவர் வெளிநாட்டில் பயின்றவர். இதுவரை நான்கு பேருக்குச் செய்திருக்கிறார். ஐந்தாவது நபராக உரிய படிவத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். சென்ற ஞாயிறு இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையின் தராசில் நின்றேன். நூற்றுப் பத்தொன்பது கிலோ.

தங்களிடம் ஓர் உதவி வேண்டும். தங்கள் குதிரை சாம்பியின் எடையைத் துல்லியமாக அறிந்து எழுத வேண்டும். தாசில்தாருக்குக் குதிரைப்படி வழங்கப்பட்ட காலத்துக் கையேடு ஒன்று எங்கள் தாலுகா அலுவலக ஆவண அறையில் கிடக்கிறது. குதிரையின் மேல் ஏறும் பாரம், சேணம் உட்பட, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது அதில் கண்ட விதி.

1966 சித்திரையில் தங்கள் தோட்டத்து வாய்க்காலில் நடந்ததைப் பற்றித் தாங்கள் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசவில்லை. அன்று என் எடை நூற்று நான்கு. சாம்பியின் தாயினுடைய எடை எனக்குத் தெரியாது. தெரியாமல் ஏறியதே தவறு. முழங்கால் மடங்கி விழுந்த அவள் மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்போது சாம்பி நான்கு மாதக் குட்டி.

விதிக்கு உட்பட்ட எடையில் சாம்பியின் மேல் ஒருமுறை ஏறி, அதே வாய்க்காலைக் கடந்து, மறுகரையில் இறங்க வேண்டும். வேறு நோக்கமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
கந்தப்பன்.


எருத்தேன்பதி,
27-1-1975.

மச்சானுக்கும் அக்காவுக்கும் பொங்கியண்ணன் கும்புட்டு எழுதறதுங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பனிக்குக் கடலைக்காய் நல்லாத்தான் பிடிச்சிருக்குதுங்க.

சாம்பியை எங்க போயி எடை போடறது? கடைக்காரன் தராசுல ஏத்துனா தட்டு மட்டும் மிஞ்சும். ரோசனை பண்ணிப் பார்த்துட்டுக் கரும்பாலை எடைமேடைக்கே ஓட்டிட்டுப் போனனுங்க. அங்க சென்னியப்பன்னு ஒரு எழுத்தன். "வண்டி எங்கீங்க, கரும்பு எங்கீங்க?" ன்னான். "இதுதாப்பா கரும்பு. நாலு கணு, ஒரு வாலு" ன்னேன். வரிசையில நின்ன வண்டிக்காரனெல்லாம் சிரிக்கறான். ஒருத்தன், "ஏனுங்க, டன்னுக்கு என்ன விலை சொல்றாங்க?" ன்னு கேக்கறான்.

சாம்பி மேடை மேல நின்னது நின்னபடிதானுங்க. கரும்பு வண்டின்னா தோகைக்கும் கட்டுக்கயித்துக்கும் சேர்த்துக் கழிவு போடுவாங்க. "இதுக்கு எவ்வளவு கழிக்கறதுங்க?" ன்னு கேட்டான். "தோகையுமில்ல, கயிறுமில்ல. ஒண்ணும் கழிக்காதே" ன்னேன். அந்தக் கட்டத்துல கோடு இழுத்துட்டான். முந்நூத்தி எழுபத்தஞ்சு. சீட்டை இதோட வச்சிருக்கறனுங்க.

செல்லாகிட்ட இதெல்லாம் சொல்லலை. சொன்னா, "ஒம்பது வருசமா எங்கண்ணன் ஒரு ராத்திரி தங்குனதில்ல, சோத்தைத் தின்னதும் பஸ்ஸுக்கு ஓடறாரு. இப்பக் குதிரை கேக்குதா?" ம்பா. ஆப்பரேசன் முடிஞ்சு நல்லபடியா வாங்க, நானே சொல்லிக்கறேன்.

மாப்பிள்ளை
பொங்கியண்ணன்.


தேவிகுளம்,
2-2-1975.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதமும் சீட்டும் வந்து சேர்ந்தன. தங்கள் இருவர் சுகம் அறிந்து மகிழ்ச்சி.

சீட்டில் மொத்த எடை 375. கழிவுக் கட்டத்தில் கோடு. நிகர எடையும் 375. எழுத்தரின் கையொப்பமும் தேதியும் ஒழுங்காக உள்ளன. இதற்கெனத் திறந்த கோப்பில் அதை முதல் தாளாகச் சேர்த்துவிட்டேன்.

ஐந்தில் ஒரு பங்கு எழுபத்தைந்து. என் தகப்பனார் விட்டுச்சென்று இப்போது தங்களிடம் உள்ள சேணம், அங்கவடி, விரிப்பு எல்லாம் சேர்ந்து ஏழு கிலோ. அதில் விரிப்பு மட்டும் இரண்டு. ஆகவே நான் அறுபத்தெட்டுக்கு வர வேண்டும். மருத்துவரிடம் கூறியபோது, தன் கணக்கு எண்பத்தைந்தோடு நிற்பதாகச் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் கேட்கவில்லை.

தங்களுக்கு நலமே விளையட்டும்.

கந்தப்பன்.


தேவிகுளம்,
20-4-1975.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடவுள் கிருபையால் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. பதினெட்டாம் நாள் வீடு திரும்பினேன். ஏப்ரல் முதல் ஞாயிறு எடை நூற்றொன்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, காலை ஏழு மணிக்கு, ஒரே வேட்டி சட்டையுடன், செருப்பின்றித் தராசில் நிற்கிறேன். கொழுந்து நிறுக்கும் சங்கையா பழக்கதோஷத்தில் முதல் முறை கூடைக்கென்று ஒரு கிலோ கழித்துவிட்டார். திருத்தி எழுதச் செய்தேன்.

வயிறு சற்றுத் தொல்லை தருகிறது. எதிர்பார்த்ததுதான்.

மறையூர்ச் சர்க்கரை உருண்டை நான்கு, உடுமலைப்பேட்டை பஸ் நடத்துனரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எனக்கு விலக்கப்பட்ட பொருள். இரண்டு தங்களுக்கு, இரண்டு சாம்பிக்கு. வாரம் ஒருநாள் எழுபத்தைந்து கிலோ மணல் மூட்டையை அதன் முதுகில் கட்டி வாய்க்கால் வரை நடத்திப் பழக்கவும்.

கந்தப்பன்.


எருத்தேன்பதி,
11-5-1975.

மச்சானுக்குக் கும்புடுங்க. நாங்க சுகம். உங்க சுகத்துக்கு மறுதபால் போடுங்க.

உருண்டை நாலையும் சாம்பியே தின்னுருச்சுங்க. ரெண்டு எனக்குன்னு எழுதியிருந்ததை அதுகிட்டப் படிச்சுக் காட்டுனேன். கேக்கலை.

மணல் மூட்டையினால விசயம் வெளிய வந்திருச்சு. "குதிரை மேல மணலு ஏத்திட்டு எங்க போறீங்க? வண்டி செத்துப்போச்சா?" ன்னு செல்லா மறிச்சுக்கிட்டா. சொல்லிட்டேன். மூட்டையை ஒருக்காத் தூக்கிப் பார்த்தா. அப்புறம், "அறுத்துக்கிட்டாரா? ஒரு குதிரைக்கோசரம் வயித்தை அறுத்துக்கிட்டாரா? அப்பவே வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை, மனசு சங்கடமா இருக்குது அம்மிணின்னு சொல்லியிருந்தா ஆகாதா?" ன்னு சத்தம் போட்டா. நான் மணலைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

இப்ப மூட்டை கட்டறது அவதானுங்க. எனக்குக் கட்டத் தெரியலையாம்.

பொங்கியண்ணன்.


தேவிகுளம்,
17-8-1975.

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் செல்லாத்தாளுக்கும்,

சுகம். சுகம் அறிய அவா.

ஜூனிலும் ஜூலையிலும் தாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இது பதில். அலுவலகத்தில் வேலை மிகுதி. கையெழுத்து மாறியிருப்பதாகத் தோன்றினால், பேனா புதியது.

எடை எண்பத்து நான்கு. மருத்துவரின் கணக்கு முடிந்தது. விதியின் கணக்கு முடியவில்லை. கோட்டு இரண்டும் பிரித்துத் தைக்கப்பட்டன. கடைநிலை ஊழியர் சின்னமுத்து என் நாற்காலியில் என்னைக் கண்டு, "ஹெட்கிளார்க் அய்யா லீவுங்களா?" என்று என்னிடமே வினவினார். லீவில்லை என்று பதிலளித்தேன்.

மணல் மூட்டையோடு சாம்பி வாய்க்காலில் இறங்கும்போது தயங்குகிறதா என்பதை மட்டும் எழுதவும்.

கந்தப்பன்.


தேவிகுளம்,
16-11-1975.

மாப்பிள்ளைக்கு,

சுகம்.

எடை எழுபத்து மூன்று. தை முதல் ஞாயிற்றுக்குள் அறுபத்தெட்டு வந்துவிடும். அன்று வருகிறேன். சேணத்தின் வார்களுக்கு எண்ணெய் போட்டு வைக்கவும்.

கந்தப்பன்.


தேவிகுளம்,
24-11-1975.

செல்லா அம்மிணிக்கு அண்ணி சரஸ்வதி எழுதறது. நீயும் உங்க ஊட்டுக்காரரும் சௌக்கியமா இருப்பீங்க.

இது உங்க அண்ணனுக்குத் தெரியாம எழுதறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதறவ, தப்பு இருந்தாப் பொறுத்துக்கோ.

அவரு சுகம் சுகம்னு எழுதறாரு. சுகமில்லை. ஜூன் மாசமும் ஜூலை மாசமும் ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாரு. ஒரு நாளைக்குப் பத்துத்தடவை வெளிய போகுது. கை நடுங்குது, முட்டி வீங்கியிருக்குது, கண்ணு மஞ்சளா இருக்குது. போன வாரம் ஆபீசுப் படியில உக்காந்துட்டாராம், எந்திரிக்க முடியலை. சின்னமுத்துதான் கூட்டிட்டு வந்தாரு.

டாக்டரு தெளிவாச் சொல்லிட்டாரு. ஈரல் கெடுது, ஒதுக்கி வச்ச குடலைப் பழையபடி சேர்த்தாகணும், மார்கழிக்குள்ள செய்யணும், தை வரைக்கும் போனா நான் பொறுப்பில்லைன்னு. இவரு, சேர்த்தா எடை மறுபடி ஏறிரும், அறுவத்தெட்டுக்கு வந்து ஒருக்கா ஏறி இறங்கிட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டாரு. அழுது பார்த்துட்டேன். "விதி அப்படி இருக்கிறது சரஸ்வதி" ன்னு என்கிட்டயும் ஆபீசுப் பேச்சே பேசறாரு.

நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீ சொன்னாலும் கேக்க மாட்டாரு. காயிதத்துல இருக்கற நம்பரு சொன்னாத்தான் கேப்பாரு. அதுக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியலை அம்மிணி.

அண்ணி
சரஸ்வதி.


எருத்தேன்பதி,
2-12-1975.

அண்ணாவுக்குத் தங்கை செல்லாத்தாள் வணக்கம். இங்கே சுகம். உங்கள் சுகத்தைத் தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தப்பு நடந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சாம்பியின் எடைச் சீட்டை இவர் உங்களுக்கு அனுப்பிவிட்டாராம், நான் பார்த்ததில்லை. நேற்றுக் கரும்பு வண்டியோடு ஆலைக்குப் போயிருந்தேன். அந்த எடைமேடைக்காரன் சென்னியப்பன் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். "அக்கா, அன்னைக்குக் குதிரைக்கும் கரும்பு வண்டிக் கணக்காக் கழிவு போட்டுட்டனுங்க. நாப்பது கிலோ கொறைச்சு எழுதிட்டேன். கை பழகிப்போச்சு, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றான். நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

அப்படியானால் சாம்பி நானூற்றுப் பதினைந்து. ஐந்தில் ஒரு பங்கு எண்பத்து மூன்று. சேணம் போக உங்களுக்கு எழுபத்தாறு. நீங்கள் எழுபத்து மூன்றுக்கு வந்தே ஒரு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான், தப்பிருந்தால் திருத்துங்கள்.

தை எதற்கு அண்ணா? இந்த மாதமே வாருங்கள். ஏறி இறங்குங்கள். எங்களோடு ஒரு ராத்திரி தங்குங்கள். அங்கிருந்து நேராகக் கோயம்புத்தூர் போய்விடலாம். நானும் வருகிறேன்.

செல்லாத்தாள்.


தேவிகுளம்,
9-12-1975.

அன்புள்ள செல்லாத்தாளுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் ஆறாம் தேதி கிடைத்தது. மூன்று நாள் யோசித்து இதை எழுதுகிறேன்.

உன் கூட்டல் கழித்தல் வகுத்தல் மூன்றும் சரியாக உள்ளன. பழைய சீட்டு என் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. நீ தெரிவித்த திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். எழுத்தர் சென்னியப்பனை இது குறித்து யாரும் மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம்.

டிசம்பர் முதல் ஞாயிறு என் எடை எழுபத்தொன்று. பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை சரஸ்வதியும் நானும் மறையூர் வழியாக வருகிறோம். ஞாயிறு காலை வாய்க்கால். பதினாறாம் தேதி மருத்துவமனையில் சேர்வதாக இன்று தந்தி கொடுத்துவிட்டேன்.

அண்ணன்
கந்தப்பன்.


எருத்தேன்பதி,
11-1-1976.

மச்சானுக்குக் கும்புடுங்க. ஆஸ்பத்திரியில இருந்து நல்லபடியா ஊடு போய்ச் சேர்ந்த செய்தி அக்கா எழுதியிருந்தாங்க. கஞ்சி செரிக்குது, கண்ணு தெளிஞ்சிருக்குதுன்னு படிச்சுட்டுச் செல்லா தபாலைச் சாமி படத்துக்கிட்ட வச்சுட்டா.

ஒண்ணு கேக்கணுங்க. கோயம்புத்தூர்ல உங்க கட்டில்கிட்டயே கேக்கலாம்னு பார்த்தேன், செல்லா அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகரலை.

அன்னைக்கு வார் மூணுக்கும் எண்ணெய் போட்டு, சேணத்தைக் கட்டி, சாம்பியைக் கொண்டாந்து நிறுத்துனேன். நீங்க கிட்ட வந்து, "மாப்பிள்ளை, சேணத்தைக் கழற்றிவிடுங்கள். விரிப்பு மட்டும் போதும்" னீங்க. எனக்குக் கை ஓடலை. சேணமில்லாம ஏறலாகாது, அது ஆளைக் கொல்லும்னு எனக்குக் குதிரை பழக்கும்போது அடிச்சுச் சொன்னதே நீங்கதானுங்க. "வீங்குன முட்டி மேல வார் பட்டா வலிக்குது" ன்னு செல்லா கிட்டச் சொன்னீங்க. ஆனாக் காலை வெச்சு ஏறற அங்கவடியும் சேர்ந்தே போச்சே. வாய்க்கால் கல்லு மேல நின்னு, என் தோளைப் புடிச்சுக்கிட்டு ஏறுனீங்க. கை அந்த நடுக்கம் நடுங்குது. செல்லா பல்லைக் கடிச்சுக்கிட்டு, "காத்தடிச்சா உழுந்துருவாரு, புடிங்க, கிட்டயே போங்க" ங்கறா. "ஒருவரும் வர வேண்டாம்" னுட்டீங்க.

சாம்பி இறங்கற எடத்துல ஒருக்காத் திரும்பி உங்களைப் பார்த்துதுங்க. அப்புறம் மணல்ல நடந்து, ஏறி, நின்னுக்கிச்சு. நீங்க மெல்லச் சறுக்கி இறங்குனீங்க. இறங்குனதும் கீழ உக்காந்து, அதோட முன்னங்கால் முட்டி ரெண்டையும் தொட்டுத் தடவிப் பார்த்தீங்க. ரொம்ப நேரம். நாங்க இக்கரையில நின்னுக்கிட்டே இருந்தோம். கூப்பிடணும்னு தோணலை.

சேணத்தை ஏனுங்க கழட்டச் சொன்னீங்க? எனக்கு மட்டும் எழுதுங்க.

பொங்கியண்ணன்.


தேவிகுளம்,
8-2-1976.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் சுகம். இம்முறை சரஸ்வதியைக் கேட்டுவிட்டே இச்சொல்லை எழுதினேன்.

தங்கள் கேள்விக்குப் பதில்: அன்று காலை என் எடை எழுபத்தொன்று. விரிப்பு இரண்டு. ஆக எழுபத்து மூன்று. சேணத்தையும் அங்கவடியையும் சேர்த்தால் எழுபத்தெட்டு; முதல் கணக்கின் வரம்பு எழுபத்தைந்து. சீட்டின் கழிவுக் கட்டத்தில் கோடு இழுத்தபோது தாங்கள் அருகில் இருந்தீர்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். சேணமின்றி ஏறலாகாது என்பதும் விதிதான். ஆனால் அது ஏறுபவனைக் காப்பதற்கு ஏற்பட்டது.

செல்லாத்தாளைப் பொறுத்தவரை சாம்பி நானூற்றுப் பதினைந்து கிலோ. அப்படியே இருக்கட்டும். அவள் தன் வாழ்நாளில் எனக்கு எழுதிய கடிதங்களில் கணக்கு இருந்தது அது ஒன்றில்தான். அதையும் கோப்பில், சீட்டின் மேலேயே வைத்து, கோப்பை முடித்துவிட்டேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு எடை எழுபத்து நான்கு. இனி ஏறும் என்கிறார் மருத்துவர். ஏறட்டும். அவள் கணக்குப்படி எழுபத்தாறு வரை எனக்கு அனுமதி உண்டு. மறுபடி சாம்பியின் மேல் ஏறச் சொன்னால், இப்போது விருப்பமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

சித்திரையில் ஒரு வாரம் லீவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இருவரும் வந்து, ஏழு நாளும் தங்கள் வீட்டில் தங்குகிறோம். மறையூர் உருண்டை இம்முறை எட்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். யார் சொன்னாலும், எக்காரணம் கொண்டும், சாம்பியை மறுபடி எடைமேடைக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம்.

தங்கள்,
கந்தப்பன்.